கொசுக்கடி அளவு தழும்பு

என் பெருமைக்கார அம்மாவுக்கு,

போன இடத்திலும் யாரையாவது பிடித்து உட்கார வைத்து என் புராணம்தான் பாடிக்கொண்டிருப்பாய். கொஞ்சம் நிறுத்து. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேள்.

உன் கால் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தது நான் இல்லை அம்மா. பெரிய டாக்டர். நீ மயக்கத்தில் தூங்கிவிட்டாய். கண் விழித்தபோது முகமூடியோடு நான் நின்றேன். நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய், நானும் மறுக்கவில்லை.

பெற்றவளுக்கு டாக்டர் மகள் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்தான். எனக்கு அது ஒரு சாக்கு. ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு பலூன் ஊதும் வேலையில் அப்போது நான் கத்துக்குட்டி. கண் திரையில் இருக்கும், விரல்தான் வழி தேட வேண்டும். உன் காலில் அதைப் பழக மனம் வரவில்லை.

மறுநாள் நீ வெட்கமே இல்லாமல் தொடை இடுக்கில் கம்பி விட்ட தழும்பைப் பெண்கள் வார்டு முழுக்கக் காட்டினாய். "நோடி, நன்ன மகளே மாடித்து", பாருங்க, என் மகளே செய்தது என்று நர்ஸிடம் கன்னடத்தில் பீற்றல் வேறு.

பக்கத்துக் கட்டில் முனியம்மா ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீராம்புரத்தில் தெரு கூட்டுபவர். அவருக்கும் உன்னைப் போலவே கால் அடைப்பு. ஆபரேஷனே வேண்டாம் என்று அழுதார். "ஏம்மா பயப்படுற? கொசு கடிச்ச மாதிரிதான். என் பொண்ணே பண்ணுவா, போ!" என்று நீதான் தேற்றி ஒத்துக்கொள்ள வைத்தாய்.

அவர் காலில் பழகினேன். கம்பி குழாயைக் குத்திவிட்டது. பெரிய டாக்டர் ஓடி வந்து, தொடையைத் திறந்து ரத்தத்தை நிறுத்தினார். முனியம்மா பிழைத்தார். நீ அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தாய். உன்னிடம் நான் மூச்சு விடவில்லை.

இப்போது என் கை தேறிவிட்டது. ஜூனியர்கள் நின்று பார்க்கிறார்கள். யார் யார் காலில் தேறியது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை அம்மா. அவர்களும் யாரோ ஒருத்திக்கு அம்மாதானே?

நேற்று முனியம்மா இன்னொரு காலைக் காட்ட வந்தார். முதலில் உன்னைத்தான் விசாரித்தார். "அம்மா தவறிட்டாங்க" என்றேன்.

"ஐயோ, மவராசி! அவங்க சொன்னாங்கன்னுதானே ஒத்துக்கினேன்!"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முழங்கால் வரை நீண்ட தழும்பின் மேல் புடவையை இழுத்துவிட்டார். "அப்போ இந்தக் காலுக்கு, உங்கம்மாக்குப் பண்ணவரையே பண்ணச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றார்.

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவரே செய்கிறார். இனி கட்டிலில் யார் படுத்திருந்தாலும், கை வைக்கப்போவது யார், அந்தக் கை எவ்வளவு பழகியது என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல்வேன். என் கையானாலும் சரி, என் ஜூனியர்களின் கையானாலும் சரி. இது உன்மேல் ஆணை.

நீ ஊருக்கெல்லாம் காட்டிய மகள்,
செல்வி