பேரீச்சங்கொட்டையும் கடைவாய்ப் பல்லும்

வாயைத் திறக்க முடியாமல் படுத்திருப்பவருக்கு,

தைப்பூசக் கூட்டம் வந்துவிட்டது, நான் பஞ்சாமிர்தக் கடையைத் திறக்கப் போகிறேன். பத்து மணிக்கு இப்ராம்சா பாய் குதிரை வண்டியோடு வருவார். பல் டாக்டரிடம் அவசரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பார். கையைக் கடித்துவிடாதீர்கள். ஈறில் ஊசி போட்டதும் உதடு மரத்துப்போகும். அப்புறம் பிடுங்குவார். போன வருஷம் எனக்குப் பிடுங்கியபோது, "ஒத்தப் பல்லுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றீர்களே, இதுவும் ஒற்றைப் பல்தான். பயமாக இருந்தால் பாய் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பல் எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்பார். "ஒனக்குப் பேரீச்சம்பழத்துல கொட்டை எடுக்கத் தெரியல, தள்ளு" என்று நீங்களே உட்கார்ந்து எடுத்ததைச் சொல்லுங்கள். சாமிக்குப் படைக்கும் முன்னே பஞ்சாமிர்தத்தை வழித்து வாயில் போட்டதையும் சொல்லுங்கள். முருகன் கையோடு தண்டனை கொடுத்துவிட்டார்.

கஞ்சியை ஆற்றி வைத்திருக்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள்.

கந்தம்மாள்

மறந்துவிட்டேன்: அந்த அண்டாவில் இருக்கும் பஞ்சாமிர்தத்தை இன்னும் விற்கவில்லை. மிச்சக் கொட்டைகளை நானே தேடி எடுக்கிறேன்.

இன்னொன்று: பிடுங்கியபின் பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசக் கூடாது. அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவேன். எனக்குப் பேச நிறைய இருக்கிறது.