மூன்றாவது குமிழ்

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. இவர் மைக்செட்டை ஏற்றிக்கொண்டு சங்கராபுரம் போய்விட்டார், கல்யாணம். நான் மாடியில், ஸ்டுடியோ அறையில், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை.

அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோக்களில் இருந்த மாதிரி ஓர் ஈக்வலைசர் பெட்டி. ஐ.சி. கிடையாது. காயில், கண்டென்சர், ஒரே ஒரு வால்வு. முகப்பில் மூன்று குமிழ்: குரலின் கனத்துக்கு பேஸ், நடு, கூர்மைக்கு டிரெபிள். ஒரு சேனல் போதும், குரலுக்குத்தானே. நாலு மாதமாகச் சேர்த்த சாமான்.

நேற்று இவர் கேட்டது: "கம்ப்யூட்டர்லயே எல்லாம் கீது. இதை வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" கம்பிக்குள்ளும் இரும்புக்குள்ளும் போய்வந்த குரலுக்கு ஒரு சதை வரும். சொன்னால் சிரிப்பார்.

முதல் காயிலில் முந்நூறு தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். சிலிண்டர்காரர் கூப்பிட்டார். எண்ணிக்கை போயிற்று. அவிழ்த்து, முதலிலிருந்து.

வாங்க: ஈயம். மெல்லிய ஒயர் உறை. தைலம் (மூக்கடைப்பு போல. இடது காது மூடிக்கொண்ட மாதிரி).

அக்டோபர் 16, வியாழன்

மழை விட்டது. பெட்டிக்கு இன்று உயிர் வந்தது. உள்ளே முந்நூறு வோல்ட். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால் அளந்தேன். வால்வு செம்மஞ்சளாக எரிகிறது. இரைச்சல் இல்லை. சந்தோஷம்.

முதலில் போட்டது பொன்னியின் குரல். ஆவணியில் வெள்ளிமலைக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை வர நேரமாக, யாரோ அவள் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். இவர் போனில் பிடித்து வந்தார். மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போகிற பெண். அந்தத் துண்டை, முன்பு நான் வேலை பார்த்த இசையமைப்பாளருக்குச் சென்னைக்கு அனுப்பிவைத்தேன். போன வாரம் அவருடைய உதவியாளர் கூப்பிட்டார். படத்துக்கு இப்படி ஒரு குரலைத்தான் தேடுகிறார்களாம். நல்ல மைக்கில் பதிந்து மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொன்னார். பெட்டியை முடிக்க இந்த அவசரம் அதனால்தான்.

பேஸ்: அடிவயிற்றிலிருந்து வருகிறது. நடு: சரி.

டிரெபிள்: ஒன்றுமில்லை. கடைசி வரை திருகியும் ஒன்றுமில்லை.

அக்டோபர் 18, சனி

சந்தேகப் பட்டியல்.
1. மூன்றாவது காயில். சுற்றில் தப்பு?
2. கண்டென்சர். மாற்றியாகிவிட்டது. அப்படியேதான்.
3. குமிழ். புதிது போட்டேன். அப்படியேதான்.
4. ஈயம் ஒட்டாத இடம். ஒவ்வொன்றாகச் சூடு வைத்தாயிற்று.

கம்ப்யூட்டரில் போட்டு அளந்தேன். திரையில் கோடு ஒழுங்காக மேலே ஏறுகிறது. கேட்டால் இல்லை. கோட்டை நம்பவா, காதை நம்பவா? இருபது வருடம் இந்தக் காதை நம்பித்தான் பிழைப்பு. அளக்கிற முறையில் ஏதோ தப்பு இருக்கிறது.

பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை. பத்து நாளாக ஸ்பீக்கர் போடவில்லை. ஹெட்போன் மட்டும். டிரெபிளைத் தீர்மானிப்பது எப்போதும் அதில்தான், அதுவும் என் பழக்கப்படி ஒரு பக்கம்: இடது காதில் வைத்து, வலதை வெளியே விட்டு. மைக்செட் கூடப் போன நாளில் வந்த பழக்கம். கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

இறங்கும்போது மாடிப்படியில் கால் தடுமாறியது. தலை லேசாக ஒரு பக்கம் போன மாதிரி. சாப்பிடாததால்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல், வடை. அதிரசப் பாகு முறுகிவிட்டது. தெரு முழுக்க வெடி. சாயங்காலத்திலிருந்து இடது காதில் ஒரு கோடு மாதிரி "ஙீ" என்று. வெடியால்தான்.

சென்னையிலிருந்து தங்கச்சி போன். பேசி வைத்ததும் இவர்: "நீ எப்பத்திலிருந்து வலது கையில போன் பிடிக்கிற?"

தெரியவில்லை. யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

வெள்ளிமலை. காலை பஸ். மலை ஏறும்போது மேகம் ஜன்னலுக்குள் வந்தது. மைக், ரெக்கார்டர், இரண்டு ஜமக்காளம். பெட்டியைக் கொண்டுபோகவில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பொன்னிக்கு இருபத்தாறு இருக்கும். ஒல்லி. அவளுக்காக இன்று கூலியை விட்டுவிட்டு வீட்டுக்காரன் ஆண்டியும் வாசலில் உட்கார்ந்திருந்தான். மாமியாருக்கு முகமே சரியில்லை. பாட்டா சோறு போடும் என்று முணுமுணுத்துக்கொண்டே கோழியை விரட்டினார்.

ஜமக்காளத்தைச் சுவரில் கட்டி, அவளை நடுவில் நிறுத்தி, மூன்று முறை பதிந்தேன். மூன்றாவது தடவை பாடும்போது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பெட்டி வழியாக விடாமலே அப்படி. முடிந்ததும் அந்தக் கிழவி கோழியை விட்டுவிட்டு நின்றிருந்தார்.

திரும்பும் வழியில் பொன்னி கூடவே வந்தாள். வரப்பில் நடக்கும்போது என் முன்னால் வந்து நின்றாள்.

"மூணு வாட்டி கூப்ட்டேன்க்கா. எம்மேல எதுனா கோவமா?"

அவள் என் இடப்பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தாள், ஒரு கை தூரத்தில். காற்று என்று சொன்னேன். காற்று அடிக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

மூன்றாவது காயிலைப் பிரித்துக் குறைத்துச் சுற்றினேன். கூட இருந்த ரெசிஸ்டரையும் மாற்றினேன். சர்க்யூட் படத்தில் இருப்பதைவிட டிரெபிளை மூன்று மடங்கு தூக்குகிற மாதிரி.

இப்போது கேட்கிறது. அப்பாடா. மெல்லிசாக, ஆனால் கேட்கிறது. படம் போட்டவன்தான் தப்பு.

அக்டோபர் 28, செவ்வாய்

பொன்னியின் மூன்றாவது பதிவைப் பெட்டி வழியாக விட்டேன். டிரெபிள் முக்கால் பங்கு. இவரைக் கேட்கச் சொல்லலாம் என்று பார்த்தால், மழைக்கு நனைந்த ஆம்ப்ளிஃபயரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறார். அனுப்பிவிட்டேன். பொன்னிக்கும் சொன்னேன். சரிக்கா என்றாள்.

காதில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. தீபாவளி முடிந்து எட்டு நாள்.

நவம்பர் 3, திங்கள்

உதவியாளர் எனக்குக் கூப்பிடவில்லை. நேரே பொன்னிக்குக் கூப்பிட்டிருக்கிறார். குரல் கீச்சென்று குத்துகிறது, படத்துக்கு ஆகாது என்று.

பொன்னி அழவில்லை. "என் தொண்டை கீச்சுனு கீதாம்க்கா. மாமியார் ஊர் பூரா சொல்லிக்கினு கீது" என்றாள். ஆண்டியும் இனி மைக்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டானாம்.

எனக்குக் கோபம். அந்தக் குரலா குத்தும்? அவர்களுக்குக் காது இல்லையா என்று இவரிடம் கத்தினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போயாயிற்று. ஸ்பீக்கரைப் போட்டேன். இவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன், நியாயம் கேட்க.

முதல் வரியிலேயே இவர் காதைப் பொத்தினார். எனக்கும் கேட்டது. ஒவ்வொரு "ச"வும் ஊசி. தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி. இது பொன்னி இல்லை.

இதையா அனுப்பினேன்?

ஹெட்போனை எடுத்து இடது காதில் வைத்தேன். அதே பாட்டு, அதே இடம். இதமாக இருந்தது. சரி, ஹெட்போனில் இடதுபக்கம் போய்விட்டது, குற்றம் இதில்தான் என்று ஒரு நிம்மதி. எத்தனை நொடி இருந்திருக்கும் அந்த நிம்மதி.

சோதித்துவிடலாம் என்று ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். வலது கிண்ணம் இடது காதில், இடது கிண்ணம் வலது காதில்.

மங்கின பக்கம் மாறவில்லை. இடது காதுதான்.

இன்னொரு முறை திருப்பினேன். இன்னொரு முறை. இவர் என்ன என்று கேட்டார், நான் மறுபடியும் திருப்பினேன். கையிலிருந்து வாங்கி வைத்தார்.

நவம்பர் 5, புதன்

பழைய வேலைகளை ஸ்பீக்கரில் வரிசையாகக் கேட்டேன். வைகாசிக் கல்யாணப் பாட்டு, நன்றாக இருக்கிறது. ஆடித் திருவிழாப் பாட்டு, கொஞ்சம் கூர். ஆவணி விளம்பரம், ரொம்பக் கூர். புரட்டாசியில் செய்தது, உட்கார முடியவில்லை.

நாலு மாதமாகவா? யாரும் சொல்லவில்லையே. திருக்கோவிலூர் மைக்செட்காரர் ஒருவர் சொன்னார், காது கிழியுதுங்க என்று. உங்கள் கொம்பு ஸ்பீக்கரை மாற்றுங்கள் என்று அவரையே திட்டி அனுப்பினேன்.

பெட்டியின் மூன்றாவது காயிலைப் பழையபடி சுற்றிப் போட்டு அளந்தேன். சர்க்யூட் படத்தில் உள்ளபடியே கோடு. முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

கள்ளக்குறிச்சி காது டாக்டர். கூட்டம். டோக்கன் 31.

கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே நான், வெளியே மெஷினோடு ஒரு பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தவேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு இடது. இரண்டு மூன்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அடுத்ததற்கு மாற்றுகிறாள் போல என்று காத்திருந்தேன். நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. என் முகத்தைப் பார்ப்பாள், அழுத்துவாள். பார்ப்பாள், அழுத்துவாள்.

டாக்டர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். மைக்செட் சத்தத்தால் போகிற காது இரண்டு பக்கமும் போகுமாம்.

"ஒரு பக்கம் மட்டும் இப்டி போகக் கூடாதும்மா. தலையை ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்."

தடுமாற்றம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். இவர் என்னைப் பார்த்தார். பிறகு இருக்கிறது என்றேன்.

நவம்பர் 8, சனி

பொன்னியின் பதிவைப் பெட்டி, கம்ப்யூட்டர் எதுவும் படாமல் பதிந்தபடியே அனுப்பினேன். உதவியாளரைக் கூப்பிட்டு, தப்பு குரலில் இல்லை, என்னிடம்தான் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். குரல் பிரமாதம் என்றார். ஆனால் வேறு ஒருத்தியை வைத்துப் பதிந்து முடித்துவிட்டார்களாம். அடுத்த படத்துக்குப் பார்க்கலாம் என்றார். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குத் தெரியும், நானும் அங்கே இருந்தவள்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

வெள்ளிமலை. இவர் வண்டியில் கூட்டிப்போனார். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியது, கண்ணை மூடிக்கொண்டேன்.

பொன்னி காட்டில் இருந்தாள், மரவள்ளி பிடுங்கிக்கொண்டு. கை முழுக்கச் செம்மண். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, காது, மூன்று மடங்கு தூக்கினது, இன்னொருத்தி பாடிவிட்டது. அவள் கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப என் தொண்டை நல்லாத்தான் கீதுன்றீங்க."

"நல்லா இருக்கு பொன்னி. நான்தான் கெடுத்துட்டேன்."

"இங்க சொல்லி இன்னா புண்ணியம்க்கா? எங்க வூட்ல வந்து சொல்லுங்க."

போனேன். மாமியார், ஆண்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர். எல்லோர் முன்னாலும், எனக்கு ஒரு காது கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதுகூடத் தெரியாமல் இவள் குரலைக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நாலு பேர் முன்னால் வாய்விட்டு அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. போனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன். ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான். கிழவி மட்டும் என் காதையே பார்த்தார், எந்தக் காது என்று கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரி.

பொன்னி காபி கொடுத்தாள். உட்காரவில்லை. பஸ் நிறுத்தம் வரை வருவாளோ என்று நினைத்தேன். நாங்கள் வண்டியில் வந்ததை மறந்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

சேலத்தில் ஸ்கேன். குழாய்க்குள் அரைமணி நேரம், ஒரே இடி. வலது காதுக்கு இடி, இடது காதுக்கு எங்கோ தூரத்தில் கதவு தட்டுகிற மாதிரி.

காது நரம்பில் கட்டி. மொச்சைக்கொட்டை அளவு. கெட்ட கட்டியாக இருக்காது என்கிறார்கள். வருடக்கணக்காக வளர்ந்திருக்குமாம். எடுத்தால் அந்தக் காது மொத்தமாகப் போகலாம். பக்கத்திலேயே முகத்து நரம்பு. எடுக்காவிட்டால் அது மூளைப் பக்கம் வளரும்.

இவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ஸ்டுடியோ பூட்டு. கையிலிருந்த இரண்டு பாட்டையும் விழுப்புரம் ஸ்டுடியோ ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். பெட்டியின் ஒயரைக் கழற்றி வைத்தாயிற்று.

பொன்னி போன் பண்ணினாள். வலது காதில்தான். ஊரில் ஒரு காதுகுத்து, பாடச் சொன்னார்களாம். ஆண்டியே போகச் சொன்னானாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். கட்டி இருப்பதைச் சொன்னேன். எப்போ ஆபரேஷன் என்று கேட்டாள். தெரியாது என்றேன். வைத்துவிட்டாள்.

துணி இரண்டு செட். ஸ்கேன் உறை. ஆதார். பழைய நைட்டி. சீப்பு. தலைமுடி எடுப்பார்களா என்று கேட்க மறந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சேலம் வண்டியில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. இன்று பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும். இருக்கச் சொன்னால் அப்படியே சேர்ந்துவிட வேண்டியதுதான்.

சின்னசேலம் ஸ்டேஷனுக்கு முன்னாடியே வந்துவிட்டோம். தூறல். பெஞ்சில் இவர் எனக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். டீ வாங்கித் தந்தார், சர்க்கரை ஜாஸ்தி.

வண்டிச் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து, சத்தம் வந்த வலப்பக்கம் பார்த்தேன். தண்டவாளம் கண்ணுக்கு எட்டின தூரம் வரை காலி. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது, தண்டவாளம் காலியாகவே இருந்தது.

இவர் தோளைப் பிடித்து என்னை மறுபக்கம் திருப்பினார். வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்துவிட்டிருந்தது.