அந்தக் கார்டு பொருந்துகிறது அண்ணா

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை வாலுவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், தண்ணீர் மேல் இருக்கிற நீ தரையில் இருக்கிற எங்களைவிட சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வீட்டில் எல்லாருடைய நினைப்பும். உன் கடிதம் போன வாரம் கப்பல் ஏஜென்சி ஆபீஸ் வழியாக வந்தது. உங்கள் கப்பலில் புதிதாகச் சேரப்போகிற சமையல்காரர் நாளைக் காலை கிளம்புகிறாராம், இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மனிதர் நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் அவரே ஊசி மாதிரி இருக்கிறார், இவர் சமைத்து நம் பிள்ளை எங்கே தேறப்போகிறான் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்குத் தோள்பட்டை வலி இன்னும் விடவில்லை, பேனாவைப் பிடித்தால் பிடரி வரை இழுக்கிறது, அதனால் வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல வாலுதான் எழுதுகிறாள், கோழி கிறுக்கினாற்போல இருந்தால் பழியை என் மேல் போடாதே.

டிரைவிங் ஸ்கூலில் இப்போது நான் வண்டியில் ஏறுவதில்லை. முதலாளி என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டார், சாலை விதிகள் பாடம் மட்டும் எடுக்கிறேன். இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு ஒருவழியாக ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது, அதனால் என்னைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். அம்மாவுக்கு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் வலிக்கிறது, ஸ்டூல் போட்டுக்கொள் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். வாலு பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், கணக்கில் மட்டும் கோட்டை விடுகிறாள், நீ நாலு வார்த்தை புத்தி சொல்லி எழுது.

இனி நம் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். நீ துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்ப்பதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வர வேண்டும், சாப்பாட்டு மேஜையில் வைத்து அன்றைக்கே நாம் இரண்டு பேரும் கார் ரேஸ் ஓட்ட வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்குத் தெரியாதா. கைப்பிடி வைத்த அந்தச் சின்ன கேபினெட் சரி, அதற்குள் போகிற குட்டி போர்டும் சரி, மெமரியும் பவர் சப்ளையும் சரி. ஆனால் இந்தத் தடவை எழுதியிருந்தாயே ஒரு கிராபிக்ஸ் கார்டு, அது பொருந்தாது. நீளம் சரிதான், ஆனால் கரண்ட் ஒயர் செருகுகிற இடம் பக்கத்து மூடியில் இடிக்கும், ஒயரை மடக்கி மூடினால் நாளைக்கு அது சூடாகி எல்லாம் வீணாகும். அடுத்த வருஷம் இதைவிடச் சின்னதாக, கரண்டையும் குறைவாகக் குடிக்கிற கார்டு வரும் என்கிறார்கள், பொறுத்து வாங்கு. நீயோ, கார்டு அமைந்தால் இந்த ஒப்பந்தத்தோடு இறங்கி லீவில் வருகிறேன், அமையாவிட்டால் கேப்டன் கேட்டபடி இன்னும் ஒன்பது மாதம் நீட்டிக்கிறேன், ஆபீசர் பரீட்சைக்குக் கப்பலில் இருந்திருக்க வேண்டிய கடல் நாட்களும் சேர்ந்துவிடும், அப்பா சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருந்தாய். நான் சொல்வது, நீட்டித்துக்கொள். ஒன்பது மாதம் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நேரத்துக்குச் சாப்பிடு, டெக்கில் ஹெல்மெட்டைக் கழற்றாதே, யாரோடும் வீண்வாய் வேண்டாம். எங்கள் ஆசி எப்போதும் உனக்குத் துணையாக நிற்கும். அன்புள்ள அப்பா.

அண்ணா, தாளைத் திருப்பிவிட்டாய் அல்லவா, இது நான். அந்தப் பக்கம் முழுக்க அப்பா சாயங்காலம் சொல்லச் சொல்ல எழுதியது, இந்தப் பக்கத்தை யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தூங்கின பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் அப்பா தாள்களைக் கையால் எண்ணிப் பார்த்துத்தான் உறையில் வைப்பார், அதனால் புதுத் தாள் சேர்க்க முடியாது, பின்பக்கத்தில் எழுதுகிறேன். விரலால் தடவினால் பள்ளம் தெரிந்துவிடும் என்று பேனாவை அழுத்தாமல் எழுதுகிறேன், எழுத்து மங்கலாக இருந்தால் கொஞ்சம் சிரமப்பட்டுப் படி. எழுதியிருப்பது அவர் கண்ணில் படாதா என்று கேட்பாய். படாது அண்ணா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

தோள்பட்டையில் ஒரு வலியும் கிடையாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம், வலியே தெரியாமல் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருமாம், போனது திரும்ப வராதாம். தினமும் விடுகிற சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்ற மட்டும்தான். இப்போது அவர் பார்ப்பது ஒரு ஸ்ட்ரா வழியாகப் பார்க்கிற மாதிரி, நேராக இருப்பது மட்டும் கொஞ்சம் தெரியும், சுற்றிலும் ஒன்றுமில்லை. இது எத்தனை நாளைக்கு டாக்டர் என்று அப்பா கேட்டார். டாக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தார், சொல்ல முடியாதுங்க, வருஷக்கணக்கில் எல்லாம் நினைக்காதீங்க என்றார். முதலாளி அவரை நாற்காலியில் உட்காரவைத்தது பதவி உயர்வு இல்லை. ஒரு அக்காவுக்கு வண்டி பழக்கும்போது இடது பக்கம் வந்த சைக்கிளை அப்பா பார்க்கவே இல்லை, அந்த அக்காவே பிரேக்கைப் போட்டுவிட்டாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா அங்கேயே இறங்கி, சாவியை முதலாளியிடம் அனுப்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்து வந்தார். இப்போது எடுக்கிற பாடமும் மனப்பாடம்தான். ஒரு நாள் அங்கே படிக்கிற பசங்க சுவரில் மாட்டியிருந்த சாலைக் குறிகளின் படங்களை இடம் மாற்றி மாட்டிவிட்டார்களாம், அப்பா ஹாரன் அடிக்காதே என்கிற படத்தைக் காட்டி, இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்று பத்து நிமிஷம் விளக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, பயலுக என்னை நல்லா ஓட்டிட்டானுங்கடி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ ஒவ்வொரு பாகத்துக்கும் நீளம் அகலம் உயரம் எழுதி அனுப்புகிறாயே, அந்த அளவுக்கு அப்பா என்னை அட்டை வெட்டச் சொல்வார். நான் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன், அவர் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்துவார். சாப்பாட்டு மேஜையில் உன் கேபினெட் அட்டையில் இருக்கிறது அண்ணா, கைப்பிடிக்குக் கயிறு கட்டியிருக்கிறோம். அப்பா முகத்தில் சந்தோஷம் தெரிகிற ஒரே நேரம் அதுதான். இது போர்டு, இதுக்கு மேல ஃபேன், இங்க காத்து போகணும், டேய் மூச்சு முட்டுதுடா இவனுக்கு, கொஞ்சம் தள்ளி உக்காரு என்று அட்டைத் துண்டுகளோடு பேசிக்கொண்டிருப்பார். முதலில் எழுதினாயே ஒரு நீளமான கார்டு, அது உண்மையிலேயே பொருந்தவில்லை, ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை எழுதின குட்டைக் கார்டு, உன் கடிதம் வந்த அன்றைக்கே போய் உட்கார்ந்துவிட்டது. நிஜ ஒயர் ஒன்றைச் செருகி வளைத்து மூடியையும் வைத்துப் பார்த்தோம், இடிக்கவில்லை, நடுவில் என் சுண்டு விரல் போனது. அப்பா மேஜையைத் தட்டினார், அடடே, மாப்பிள்ளை மாதிரி சம்மணம் போட்டு உக்காந்துட்டான் பாரு, எழுதுடி உங்கண்ணனுக்கு, உடனே வாங்கிப்போடச் சொல்லு என்றார். அப்போது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் இன்னும் படித்துக் காட்டியிருக்கவில்லை. படித்தேன். கார்டு அமைந்தால் இறங்கிவிடுவேன் என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் அப்பாவின் விரல்கள் மேஜையில் அந்த மூடியைத் தேடின. மூடியைக் கழற்றி அந்த அட்டைக் கார்டை மெதுவாக வெளியே எடுத்தார், எழுது, பொருந்தாது என்றார். பொருந்துதேப்பா, இப்பதானே பார்த்தோம் என்றேன். எழுதுன்னா எழுது என்றார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவும் அம்மாவும் பேசினதைக் கேட்டேன். அவன் வந்து என்னை இப்படிப் பார்த்தான்னா திரும்ப ஏறமாட்டான், எனக்குத் தெரியும் அவனை, பாதியில விட்டுட்டு இங்க ஏதாவது ஒரு வேலையில உக்காந்துடுவான், பரீட்சை எழுதி ஆபீசர் ஆகட்டும், அப்புறம் வரட்டும் என்றார் அப்பா. அம்மா சொன்னாள், ஆபீசர் சட்டை போட்டுக்கிட்டு அவன் உங்க முன்னாடி வந்து நிக்கிறப்ப உங்களுக்குத் தெரியணுமேங்க. அதற்கு அப்பா, நீ சொல்லு, என்ன கலரு, தோள்ல எத்தனை பட்டை, இளைச்சிருக்கானா, நீ சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கறேன், வாலு எழுதறதில்லையா அது மாதிரி என்றார். மறுநாள் உனக்கு ஒரு வார்த்தையும் போகக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கிவிட்டார்.

சத்தியத்தை மீறி எழுதுகிறேன். தெரிந்தால் அப்பா அடிக்கமாட்டார், அதுதான் பயமாக இருக்கிறது, பேசாமல் இருந்துவிடுவார். அவர் சொல்வதும் தப்பில்லை. நீ படித்து மேலே போக வேண்டும், அதற்குக் கடல் நாட்கள் வேண்டும், எனக்கும் புரிகிறது. அதனால் வா என்று எழுதக் கூடாது, கார்டு பொருந்துகிறது என்று மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை உன்னிடம் விட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வா அண்ணா. பரீட்சை அடுத்த வருஷமும் இருக்கும், கப்பலும் இருக்கும். நீ வருவதாக இருந்தால் நான் எழுதினதாகச் சொல்லாதே. இந்தக் கடிதம் கைக்குக் கிடைப்பதற்கு முன்பே கார்டை வாங்கிவிட்டேன், வாங்கினதைத் திருப்பித் தர முடியாது, கேப்டனிடமும் சொல்லியாயிற்று என்று எழுது, அப்பா திட்டுவார், திட்டட்டும். இன்னொன்று, பெரிய திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். பெரிய திரையில் பாதிக்கு மேல் அவருக்குத் தெரியாது. கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக ஒன்று விற்கிறார்களாம், அதை வாங்கு, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் ரேஸ் சாலை முழுசாக அந்த ஸ்ட்ராவுக்குள் அடங்கிவிடும், நான் அதே அளவு புத்தகம் ஒன்றை அவர் முன்னால் வைத்துப் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் சூட்டைக் குறைக்கிற கூலர் ஃபேனும் நீ முதலில் சொன்னதே போதும், சத்தம் மட்டும் குறைவாக இருக்கட்டும், இப்போது அவர் எல்லாவற்றையும் காதால்தான் பார்க்கிறார்.

நடுவில் நிறுத்திவிட்டேன், அப்பா வந்துவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது, தாளை மடியில் மறைத்துக்கொண்டேன், மறைக்க அவசியமில்லை என்று அப்புறம்தான் தோன்றியது. வாசற்படியில் நின்று, யாரது, வாலுவா, என்னடி பண்றே இந்நேரத்துல என்றார். கணக்குப்பா என்றேன். நெஜமாவா, அப்ப நாளைக்கு மழைதான் என்றார். பிறகு, இப்படி இருட்டுல உக்காந்து படிச்சா என்னத்துக்கு ஆகும், லைட்டப் போட்டுக்கோம்மா என்றார். அண்ணா, எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்டரிடமும் எங்களிடமும் எவ்வளவு தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாரோ, அவ்வளவுகூட அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி, சத்தம் கேட்கிற மாதிரி சுவிட்சை ஒரு தடவை அணைத்து, மறுபடி போட்டேன். ம், இப்பச் சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். படித்து முடித்ததும் பயந்து இதைக் கிழித்துவிடாதே, முன்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, நான் இடம் காட்ட அவரே போட்டது. சின்னத் திரை, மறந்துவிடாதே. எதுவும் கடையில் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வா.

உன் வாலு