பார்த்திபன் பாலத்தின் நடுவில் நிற்கிறான்

அன்பு மகன் எபினேசருக்கு கவரைப்பேட்டையிலிருந்து அம்மா மேரி சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஷைனி எழுதுவது. கர்த்தர் காத்தபடி இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே புனேயில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாயா, சோறு கிடைக்கிறதா, ரொட்டியே தின்று வயிறு கெட்டுக் கிடக்கிறாயா, ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தொரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. ஷைனிக்கு மட்டும் நல்லா இருக்கேன் என்று அனுப்புகிறாய், அதையும் நான் அவளிடம் கேட்டு வாங்கித்தான் படிக்கிறேன். அதனால்தான் கடிதம். போனை வைத்துவிடலாம், காகிதம் உன் பையில் கிடக்கும், கோபம் ஆறின அன்றைக்கு எடுத்துப் படிப்பாய்.

அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, சிப்காட் கம்பெனி கேட்டில் காவலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றால் எப்படிக் குறையும், இப்போதுதான் ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்களாம். மேல் ரூம் ஷீட் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறோம். நீயும் உன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை உட்காரும் பாய் நனையாமல் இருக்கட்டும் என்று எடுக்கப் போனேன் பார், அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

உங்கள் ஆட்டத்தை நான் முதலில் தப்பாகச் சொன்னதே இல்லை. முப்பது வயது ஆட்கள், கம்பெனி யூனிஃபார்ம் கூடக் கழற்றாமல் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பார்த்திபன் நான் வாள்வீரன் என்பான், அருணா நான் சூனியக்காரி என்பாள், நீ கதை சொல்லுவாய், அந்த இருபது முகம் உள்ள பகடையை உருட்டி வாள் பட்டதா படவில்லையா என்று பார்த்துவிட்டு தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பீர்கள். குடிக்காமல் இப்படிச் சிரிக்கிற ஆம்பிளைங்களை நான் பார்த்ததில்லை என்று அப்பா சொல்வார். மூன்று பேருக்கும் ஷிஃப்ட் ஒத்துவரும் ஞாயிறுக்காகக் காத்திருந்து கூடுவீர்கள், நீ புனே போன பிறகும் போனை டம்ளரில் சாய்த்து வைத்து உன்னை உட்கார வைத்தார்கள். கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வருகிற ஷைனி, அங்கே மட்டும் ஆந்தையாகி வாய் திறந்து பேசுவாள். (இதை எழுத மாட்டேன் என்றேன், எழுது என்கிறார். ஷைனி.)

ஆட்டம் முடியும்போது நீங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தீர்கள். கம்பெனியில் ஷிஃப்ட் விட்டு வரும்போது மெஷின் எந்த நிலையில் நிற்கிறது என்று அடுத்தவனுக்கு எழுதி வைப்பீர்கள் அல்லவா, அதே மாதிரி அவரவர் கதையில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று ஷைனி நோட்டில் எழுதுவாள். கம்பெனி நோட்டு மாதிரியே சொந்தப் பேரில் எழுது என்று சொன்னதும் நீங்கள்தானாம். பத்தாவதோடு நின்றவளுக்கு அந்த நோட்டுதான் பள்ளிக்கூடம் மாதிரி, தேதி போட்டு கோடு போட்டு வைத்திருந்தாள்.

பார்த்திபனுக்கு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கை நான்கு விரல் போனது பதினாலாம் தேதி வியாழக்கிழமை. சனிக்கிழமை நல்ல மழை. பாயைச் சுருட்டும்போது நோட்டு கீழே விழுந்து திறந்துகொண்டது. அதில், மூன்றாம் தேதி, பார்த்திபன், பாலத்தின் நடுவில், வலது கை போய்விட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே, அருணா, சூனியக்காரி, குகை வாசலில் என்று இருந்தது. அது வாள்வீரனின் கை எபி, நீ கதையில் சொன்னது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு நாள் முன்னாடியே என் வீட்டில் என் மகள் கையால் எழுதி வைத்திருக்கிறதே என்றுதான் தோன்றியது. நேராக பார்த்திபன் அம்மா முத்தம்மாளிடம் ஓடினேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். அவர்கள் எலுமிச்சம்பழம் சுற்ற, நான் ஜெப எண்ணெய் தெளிக்க, எது கேட்குமோ தெரியாததால் இரண்டையும் செய்து வீட்டுக்குப் பின்னால் நோட்டைக் கொளுத்தினோம். அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குப் போன் போட்டு, நீ சொன்னதுதான்டா அவன் கைக்கு வந்துச்சு என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். இனிமேல் நான் யாருக்கும் கதை சொல்ல மாட்டேன் என்று அருணாவுக்கு அனுப்பினாயாம். ஷைனியை வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து இனிமேல் எழுத மாட்டேன் என்று சொல்ல வைத்தேன். அன்றிலிருந்து அவள் மளிகைச் சீட்டு கூட எழுதவில்லை. தெருவில் முத்தம்மாள் அந்தப் பொண்ணு கையே சரியில்ல என்று சொல்ல ஆரம்பித்ததும் தண்ணீர் பிடிக்கக் கூட வெளியே போவதில்லை.

கேள் இன்னும். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் பார்த்திபனைப் பார்க்க வந்திருக்கிறான். முத்தம்மாள் அழுதுகொண்டே, யாரோ செஞ்ச வினைய்யா, உங்க மேல தப்பு இல்ல என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டி அதை அப்படியே எழுதி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் கொளுத்திப் போட்டது எங்கே போய்ப் பிடித்திருக்கிறது பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அருணா பார்த்திபனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பாதி ஆளாகிவிட்டான். நான் கும்பிடக் கையெடுத்தேன், அவன் அதைப் பார்க்காத மாதிரி, நோட்டு எங்கம்மா, நான் எங்க நின்னுக்கினு இருந்தேன்னே மறந்துபோச்சு என்றான். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை, எரித்ததையும் உன்னிடம் சொன்னதையும் எல்லாம் சொன்னேன். அவனுக்கு அவன் அம்மா நோட்டைப் பற்றிச் சொல்லவே இல்லையாம். பிறகு மெதுவாகச் சொன்னான். அந்த மெஷினில் கை உள்ளே போனால் நிறுத்துகிற லைட் ஒன்று இருக்கிறதாம், லைன் நின்னுக்கினே இருக்குதுன்னு பத்து நாளாக அதை அணைத்து வைத்திருந்தார்களாம். "அத ஆஃப் பண்ணது எபியா, ஷைனியா? பண்ணவன் பேர் தெரியும்மா எனக்கு" என்றான்.

பிறகு அவன் சொன்னதை ஷைனியை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். "ஊட்டுக்கு வர்றவங்க எல்லாம் என் கையத்தாம்மா பாக்குறாங்க. அந்த ஆட்டத்துல மட்டும்தான் கை போனவன்கிட்டயும், நீ அடுத்து இன்னா பண்ணப் போறன்னு கேப்பாங்க." அதைக் கேட்கிறவன் நீதானே எபி. நீ போன் எடுக்காததை அவன் என்ன நினைத்திருக்கிறான் தெரியுமா, என் கையைப் பார்க்கப் பயந்துகொண்டு மச்சான் ஒதுங்கிவிட்டான் என்று நினைத்திருக்கிறான். அவனை ஒதுக்கியது நீ இல்லை, நான். உன் வாயில் பழியைப் போட்டு அடைத்தவள் நான். பெற்றவள் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, கேட்கிறேன்.

அன்றைக்கு மேல் ரூமில் இடது கையால் பகடை உருட்டிப் பழகினான். முதல் தடவையே ஒழுகல் பக்கெட்டுக்குள் போய் விழுந்தது. தண்ணிக்குள்ள விழுந்த நம்பரு மீனு கணக்குல சேருமாடா என்று அருணா கேட்டாள். அவன் சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று கீழே வந்து என்னிடம் சொல்லிவிட்டு அருணா அழுதாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. முத்தம்மாளிடம் போய் நான் படித்துச் சொன்னது தப்பு அக்கா என்றேன், கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் திருவள்ளூர் லேபர் ஆபீசில் நஷ்டஈட்டு விசாரணை, அந்த ரேகை வைத்த காகிதத்தைக் கம்பெனிக்காரர்கள் காட்டுவார்களாம். நானும் போய், அந்த அம்மாவுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான் என்று அதிகாரி முன்னால் சொல்லப் போகிறேன். ஆபீஸ் படி ஏறி எனக்குப் பழக்கமில்லை, இருந்தாலும் போவேன். உன் மெஷினிலும் அப்படி ஒரு லைட் இருக்குமாமே, அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கை வை. எவன் அவசரப்படுத்தினாலும் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு பாய் விரித்திருப்பேன், போனை டம்ளரில் சாய்த்து வைத்திருப்பேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், நான் கீழேயே இருந்துகொள்கிறேன். அவனோடு பேசு. கர்த்தர் உன் கையையும் காலையும் உன் வாயின் வார்த்தையையும் காப்பாராக.

உன் வரவுக்காக ஜெபிக்கும்
அம்மா மேரி

அண்ணா, இனி நான் எழுதுவது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். எழுதலாம் என்று நேற்று அம்மாவே அதே வேதப்புத்தகத்தின் மேல் என் கையை வைத்துச் சொன்னார். புது நோட்டு வாங்கி ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன். அருணா அக்கா, குகை வாசலில். பார்த்திபன் அண்ணன், பாலத்தின் நடுவில், இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஆந்தை, அவர் தோளில். கதை சொல்கிறவருக்கு நோட்டில் வரி கிடையாது, ஆனால் இந்தத் தடவை உன் பேரையும் எழுதிவிட்டேன். எங்கே நிற்கிறாய் என்று தெரியாததால் எதிரே ஒன்றும் எழுதவில்லை.

ஷைனி