ஒரு நாடகம், இரண்டு கதை

சித்தூர்,
செப்டம்பர் 1986

அன்பு மகன் தியோடருக்கு அம்மா கிருபாபாய் ஆசை முத்தங்களோடு எழுதுவது. கர்த்தருடைய தயவினால் நானும் உன் நைனாவும் சுகமாயிருக்கிறோம், டில்லியில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலை ஜெபத்திலும் மாலை ஜெபத்திலும் உன் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. நீதான் எங்களுக்குக் கடிதம் போடுவதை விட்டுவிட்டாய். மந்திரி ஆபீசில் டைப் அடித்து அடித்துத் தம்பிக்கு விரல் தேய்ந்துபோயிற்றா என்று உன் அக்கா எலிசபெத் கேட்கிறாள். போன ஞாயிறு அவள் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள், ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி போட்டுவிட்டார்களாம், முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. இங்கே மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, சர்ச்சில் நடக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நம் வீட்டிலிருந்து ஒரே ஒரு பூசணிக்காய்தான் போகும் போலிருக்கிறது, அதையும் உன் நைனாவே ஏலத்தில் எடுத்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. நம் தெருவில் சண்டை. செவ்வாய்க்கிழமை ராத்திரி செய்தி முடிந்ததும் டிவியில் ஒரு இந்தி சீரியல் வருகிறதே, முதலமைச்சரைக் கவிழ்க்கச் சதி செய்கிறார்களே, அதேதான். தெருவில் டிவி நம் வீட்டில் மட்டும் இருப்பதால் எல்லோரும் நம் கூடத்தில்தான். ஒருவருக்கும் இந்தி தெரியாது. பட்டாளத்தில் ஜபல்பூரில் இருந்தவர் என்று உன் நைனா தமிழில் சொல்ல, லாரி ஓட்டி நாக்பூர் வரைக்கும் போய்வந்த எதிர்வீட்டுக் கங்கையா தெலுங்கில் சொல்ல, தமிழ்க்காரர்கள் ஜன்னல் பக்கம், தெலுங்குக்காரர்கள் அடுப்பங்கரைப் பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்து பார்க்கிறோம். நடுவில் உட்கார்ந்த பாவிகளுக்கு இரண்டு கதை. உன் நைனாவின் இந்தியைப் பற்றி உனக்குத் தெரியாததா, நில், திரும்பு, நட, அப்புறம் நான்கு கெட்ட வார்த்தை, அதை வைத்துக்கொண்டு சட்டசபைப் பேச்சை எல்லாம் மொழிபெயர்க்கிறார். டிவியில் ஒருவன் அரை நிமிஷம் பேசினால் இவர் இரண்டு நிமிஷம் சொல்கிறார். சதிகாரர்களுக்குத் துப்புக் கொடுப்பவன் ஆபீஸ் கார் டிரைவர் என்று கங்கையா முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். டிரைவர் தங்கமான மனுஷன், துப்புக் கொடுப்பது முதலமைச்சரின் மச்சான் என்று உன் நைனா சாதிக்கிறார்.

அந்த சீரியலில் முதலமைச்சர் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு பையன் வருகிறான், பிரகாஷ் என்று பெயர், உன்னைப்போலவே ஒல்லி, உன்னைப்போலவே கண்ணாடி. சதி அவனுக்குத் தெரிந்துபோய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை அவன் சட்டசபைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று கிளம்புகிறான், அந்த டிரைவர்தான் வண்டி ஓட்டுகிறான், பின்னால் ஒரு ஜீப் துரத்துகிறது. கூடத்தில் மூலைவீட்டுக் கன்னியம்மாள் வெற்றிலையை வாயில் வைத்தவள் மெல்லவே இல்லை. டமார் என்று ஒரு சத்தம். அப்புறம் ஆஸ்பத்திரி. டாக்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னவோ சொல்கிறார், பையனின் தாய் சுவரில் சாய்ந்து அழுகிறாள். சச்சிபோயாடு பாபம், செத்துப்போனான் பாவம் என்று கங்கையா முடித்துவிட்டார். உடனே உன் நைனா, இன்னாத்துக்கு அழுவுறீங்க, ஆபரேசன் நல்லபடியா ஆயிடிச்சின்னு டாக்டர் சொல்றாரு, பையன் பொழச்சிக்கினான் என்றார். மொகத்து மேல துணி போட்டு மூடிக்கினு போறாங்க, இன்னாத்தய்யா பொழைக்கிறான் என்று கங்கையா கேட்க, உன் நைனா கொஞ்சமும் அசராமல், ஆஸ்பத்திரின்னா கொசு இருக்காதா, அதுக்குத்தான் மூடினாங்க என்றாரே பார். கூடமே கொல்லென்று சிரித்தது. நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் படக்கென்று டிவியை நிறுத்திவிட்டார்.

பேச்சு முற்றி, உங்க புள்ள டில்லியில இதே சீரியல் பாக்கிறான் இல்ல, அவனையே கேளுங்க, தோத்தவன் இனிமே டிவி முன்னால வாயைத் தொறக்கக்கூடாது என்று கங்கையா சவால் விட்டு, தெருவே சரி என்றுவிட்டது. பிரகாஷ் செத்தானா பிழைத்தானா என்று நீதான் தீர்ப்பு எழுதவேண்டுமாம். இனிவரும் வாரங்களில் அவன் வராவிட்டாலும் உன் நைனாவுக்குக் கவலையில்லை, ஆஸ்பத்திரியில் ரெஸ்ட் எடுக்கிறான் என்று சமாளித்துவிடுவார், உன் எழுத்துக்குத்தான் பயப்படுகிறார்.

ஆனால் எல்லோரும் போனபிறகு அவர் சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தியோடர் ஆபீஸ்ல ஒருத்தன் கார் ஓட்றானே, அவன் நல்லவனா, நம்ம புள்ள உனக்கு எதுனா எழுதினானா என்று என்னைக் கேட்டார். மச்சானைப் பற்றிக் கேட்கவில்லை, டிரைவரைப் பற்றிக் கேட்டார். துப்புக் கொடுத்தவன் டிரைவர்தான் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. உன் நைனாவுக்கு இந்தி நன்றாகவே தெரிகிறது, தம்பி. எல்லாம் தெரிந்துகொண்டுதான், நான் உன்னை நினைத்துப் பயந்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு வாரமும் எனக்காகக் கதையை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முகத்தில் துணி போட்டால் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்தி வேண்டுமா? எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொடுக்காதே. மறுநாளிலிருந்து தினமும் தெருமுனைக்குப் போய் நிற்கிறார், கேட்டால் காற்றுக்கு வந்தேன் என்கிறார், போஸ்ட்மேன் தாண்டிப் போனதும் காற்று போதுமென்று திரும்பிவிடுகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, இருட்டும்வரை ஆபீசில் உட்காராதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். ஒன்று மறக்காதே, சீரியலைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே, பொய்யும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் உன் நைனா பெயருக்கு எழுது. அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், பையன் பொழச்சிக்கினான் என்று கங்கையாவிடம் சொல்லிவிட்டு வந்து அவர் சாப்பிடட்டும்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
அம்மா,
ஜெ. கிருபாபாய்