உன் ருது ஜாதகம்

தங்கச்சி,

இன்று அரியலூர் ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு அம்மை குத்தினார்கள். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் ஆள் இல்லை. நான் பயப்படவில்லை. அது உன் பிடி.

பதினாறு முடிந்தும் நான் பெரியவளாகவில்லை. உடையார்பாளையத்தில் நம் தெருப் பெண்கள் நல்ல காரியத்துக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். என்னை ஏதோ பிடித்திருக்கிறது என்றார்கள், நானும் நம்பினேன். திருச்சி டாக்டரம்மாதான், "பேயுமில்ல பிசாசுமில்ல. உடம்புல ஊற வேண்டிய ஹார்மோன் ஊறல. ஊசியில குடுப்போம், கொஞ்ச நாளாவும்" என்றார். யுத்த காலம், கப்பல் வராவிட்டால் மருந்தும் வராது. "ஊசியப் பாக்காதக்கா, என்னயப் பாரு" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். ஊசி போட்ட நாட்களில் காரணமில்லாமல் அழுவேன், உன்மேல் எரிந்து விழுவேன். வாயாடி நீ, அப்போது மட்டும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய்.

பிறகு எனக்கு முந்தி நீ பெரியவளானாய். தங்கை முந்திக்கொண்டது தெரிந்தால் மூத்தவளை யார் கட்டுவார்கள்? அம்மா உன் வாயைப் பொத்தினாள். உன் துணியை என்னுடையது என்று சொல்லி வெளுக்கப் போட்டாள். மாமா கட்டிய பச்சை ஓலைக் குடிசையில் என்னை உட்கார வைத்தார்கள். பார்க்க வந்த பெண்கள் ஏதாவது கேட்டால், ஓலைக்குப் பின்னாலிருந்து நீ கிசுகிசுப்பாய்: "இடுப்பு கடுக்குதுன்னு சொல்லுக்கா." நான் அப்படியே சொல்வேன். யாருடைய உடம்புக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்கே குளிரெடுத்தது.

சோதிடர் நீ பெரியவளான நேரத்தை வைத்து என் பெயரில் ருது ஜாதகம் கணித்தார். "ஒரு வருசத்துக்குள்ள பொண்ணு உசுருக்குக் கண்டம் இருக்குங்க" என்றார். வாலிகண்டபுரம் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. என் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். "இளையவ பேருக்கும் பண்ணச் சொல்லுங்க" என்றாள் அம்மா. "அவளுக்கு எதுக்கு?" என்றார் ஒன்றும் அறியாத அப்பா. அம்மா அர்ச்சனைத் தட்டைக் குருக்களிடம் நீட்டினாள். நீ என் காதோடு சிரித்தாய்: "என் கண்டத்த நீ வாங்கிக்கிட்டக்கா."

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் போய்விட்டாய். டைபாய்டு என்றார்கள். டாக்டர் சொல்லை நம்புகிறவள்தான் நான். ஆனாலும் அந்தக் கயிறு உன் கையில் அல்லவா இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அந்த ஜாதகத்துக்குப் பொருத்தம் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். "கண்டம் தாண்டுனவ, ஆயுசு கெட்டி" என்று மாமியார் பெருமையாகச் சொல்கிறாள். தலைப்பிள்ளை பெண் என்று அதில் இருந்தது, பெண்தான் பிறந்தாள். அவளைத் தூக்கும்போதெல்லாம் உன் பிள்ளையை வளர்க்கிறேனோ என்று தோன்றுகிறது.

என் சொந்த நேரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நான் மட்டும் மனதில் வைத்திருக்கிறேன். ஊசி பலித்தது ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்டிருந்த மத்தியானம். நீ போய் இருபது நாளாகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது நினைவிலேயே இல்லை. உன்னிடம் சொல்லத்தான் வீடெல்லாம் தேடி ஓடினேன்.