புளித்த விதைநெல்லும் அப்பாவின் மூக்கும்

பழுகாமம்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தினேஸ் அறிவது,

நாங்கள் இருக்கிறோம். மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் நீ அங்கே கட்டாரில் சுகமாய் இருந்தால் அதுவே போதும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் குந்திக் காது கொடுக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன், தங்கச்சி கலாஜினி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

எனக்குச் சரியான அலுப்பு மகன். அப்பாவின் பீனிசம், அந்த ஓயாத மூக்கடைப்பு, உனக்குத் தெரியும், நெற்கதிர் சூடடிக்கிற தூசிக்குள் நின்று நின்று வந்தது, நொச்சி இலை போட்டு வேது பிடித்தே காலத்தைக் கடத்தினார். இப்போது கருவாடு கருகினாலும் அவருக்கு மணம் தெரியாது, அதை ஒருவருக்கும் சொல்லவுமில்லை. இந்த விதைப்புக்கு நெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டினார், மூக்கை வைத்துத்தானே முளையின் பதம் பார்ப்பார், பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். எனக்கென்றால் வாசலிலேயே புளித்த மணம் அடித்தது. சொன்னதற்கு, "வயல் வேல ஒனக்கென்னகா தெரியும்" என்று ஏசிவிட்டுக் கொண்டுபோய் வட்டை வயலில் விதைத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. விதை தந்த ஜிப்ரி காக்காவோடு போய்ச் சண்டை பிடித்தார், அந்த மனுசன் கோபிக்காமல், "மத்த ஆக்களுக்கெல்லாம் முளைச்சிருக்கே" என்று மட்டும் சொன்னாராம். அன்று அப்பா சோறு தின்னவில்லை. பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

ஸ்கான் படத்தைப் பிடித்துக்கொண்டு அந்த டொக்டர் பெண்பிள்ளை பொறுமையாய்ச் சொன்னா. கன்னத்துக்குள்ளும் நெற்றிக்குள்ளும் காற்று நிற்கிற அறைகள் இருக்காம், அப்பாவுக்கு அவை அடைத்துப்போயிருக்கு. உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு வருசக் கணக்காய் வீங்கி வீங்கித் தடித்துவிட்டது, சளியைத் தள்ளிவிடுகிற நுண்ணிய மயிர்கள் அழிந்து, சில இடத்தில் குதிக்கால் தோல் மாதிரி ஆகிவிட்டதாம். நுங்கு போலச் சதை வளர்ந்து தொங்குது, பக்கத்து எலும்பும் தடித்துப்போச்சு. இப்படியே விட்டால் கண்ணுக்கும் ஆபத்து வரலாம், வெட்டி எடுத்தால் மூச்சு இலேசாகும், மணம் திரும்புமா என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றா.  பஸ்ஸில் வரும்போதுதான் அப்பா, "வெட்டியும் மணம் வராட்டி என்ன செய்யிற" என்று கேட்டார்.  வெட்டாமல் இருக்கும் வரைக்கும் என்றைக்காவது வரும் என்று நம்பிக்கொண்டு இருக்கலாம் அல்லவா. வருகிற புதன்கிழமை ஒப்பரேசன், போவதாகவும் சொல்கிறாரில்லை, மாட்டேன் என்றும் சொல்கிறாரில்லை. நானும் கெஞ்சிக் களைத்துவிட்டேன்.

இன்று காலை, திரும்ப விதைக்கக் கட்டிவைத்த நெல் சாக்கின் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வாகா, இத ஒருக்கா மணந்து பாரு" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து வயல் காரியத்தில் என்னிடம் ஒரு சொல் கேட்காத மனுசன். குனிந்து மணந்து பார்த்தேன், பச்சை முளை மணம், நல்ல பதம் என்றேன். தலையாட்டிவிட்டுச் சாக்கைத் தூக்கினார். வாசல் படலையடியில் திரும்பி நின்று, "தினேசுக்கும் எண்ட மூக்குத்தான். அடைக்கிது எண்டு போன்ல சொன்னவன், நாள் போக்காமக் காட்டச் சொல்லு" என்றார். குசினிக்குள் அடுப்படியில் போய் அழுதேன்.

கண்ணகை அம்மன் உன்னைக் காப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு. மணம் வரும் என்று அப்பாவுக்குப் பொய் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவார். நீ முதலில் உன் மூக்கை அங்கே டொக்டரிடம் காட்டிவிட்டு, போன் எடுத்து அப்பாவிடம் சொல்லு. மகன் போனான் என்று கேட்டால் அவரும் புதன்கிழமை புறப்படுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னப்பூரணி